யாருடைய வண்டி? – மின்கார், உடைமை, ரிப்பேர் குறித்துச் சில குறிப்புகள்

1

மின்வண்டி பற்றி நம்மிடையே இப்போது இரண்டு பேச்சுகள் புழங்குகின்றன. ஒன்று, அரசும் கம்பெனிகளும் நாளேடுகளின் இணைப்புப் பக்கங்களும் சேர்ந்து பேசுவது: புகை இல்லை, சத்தம் இல்லை, பெட்ரோல் செலவு இல்லை, எதிர்காலம் வந்தாயிற்று. இன்னொன்று நம்மைப் போன்ற சந்தேகக்காரர்கள் பேசுவது: மின்சாரம் நிலக்கரியை எரித்துத்தானே வருகிறது, கோபால்ட்டை காங்கோவின் சுரங்கங்களில் குழந்தைகளும்தானே தோண்டுகிறார்கள், இதிலென்ன பசுமை வேண்டிக்கிடக்கிறது? இரண்டாவது பேச்சில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டுமே வண்டியை வெளியே நின்று பார்ப்பவை. உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்று கணக்குப் பார்ப்பவை. மூடியைத் திறந்து பார்க்க இரண்டுக்கும் தோன்றவில்லை. திறக்க முடியாது என்பதே விஷயமாக இருந்தால்?

நம்மூர் ஆட்டோக்காரர்களில் பலருக்கு வண்டி சொந்தமில்லை. தின வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். சொந்த வண்டி என்று சொல்லிக்கொள்பவரின் ஆர்.சி. புத்தகத்திலும் ஃபைனான்ஸ்காரர் பெயர் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் வண்டி நடுரோட்டில் நின்றுபோனால் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவார். சட்டப்படி வண்டி அவருடையதில்லை. ஆனால் வண்டிக்குள் நுழையும் அதிகாரம் அவரிடம் இருந்தது. இன்று பல லட்சம் ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து மின்கார் வாங்குகிறவரிடம் எல்லாக் காகிதமும் இருக்கிறது. நுழையும் அதிகாரம் மட்டும் இல்லை. உடைமை இல்லாதவரால் திறக்க முடிந்தது. உடைமையாளரால் திறக்க முடியவில்லை. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நடந்தது, இதனால் யாருடைய அறிவு செல்லாக்காசு ஆகிறது என்பதுதான் இக்குறிப்புகளின் அக்கறை.

2

‘மின்சாரம் என்றாலே அப்படித்தான், அது நுட்பமான சமாச்சாரம், தெருவில் உட்கார்ந்து பார்க்க முடியாது’ என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. முதலில் இதைக் கட்டுடைத்துவிடுவோம்.

இயந்திரம் என்ற அளவில் மின்வண்டி பெட்ரோல் வண்டியைவிட எளிமையானது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கார்புரேட்டர் இல்லை, சைலன்சர் இல்லை, ஆயில் மாற்ற வேண்டியதில்லை. மோட்டார், அதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேட்டரி, ஒயரிங். டெல்லியிலும் உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் 2010க்குப் பிறகு பெருகிய இ-ரிக்‌ஷாக்களைப் பாருங்கள். அவையும் மின்வண்டிகள்தான். சீனாவிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டி, ஈய-அமில பேட்டரி வைத்து ஓட்டினார்கள். முதலில் வண்டி தெருவுக்கு வந்தது. சட்டம் பிறகுதான் வந்தது. நின்றுபோனால் தெருவோரத்திலேயே சரிசெய்கிறார்கள். அந்த ஈயத்தை உருக்குகிற இடங்களில் என்ன நஞ்சு பரவுகிறது என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘மின்வண்டியைத் தெருவில் திறக்க முடியாது’ என்பது பொய் என்று நிரூபிக்க இந்த ரிக்‌ஷாக்காரர்கள் போதும்.

மறுபுறம், பூட்டு மின்வண்டியோடு பிறந்ததும் அல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதி வந்தபோது இருசக்கர வண்டிகளில்கூடக் கார்புரேட்டர் போய் எரிபொருள் ஊசியும் சென்சாரும் ஒரு சிறு கணினியும் வந்தன. சத்தத்தைக் காதால் கேட்டே நோய் சொன்ன மெக்கானிக், ஸ்கேனர் திரையில் வரும் எண்ணைப் படிக்க வேண்டியவரானார். மின்கார் இந்தப் போக்கை அதன் முடிவுவரை கொண்டுபோகிறது, அவ்வளவுதான்.

ஆக, கேள்வி தொழில்நுட்பத்தைப் பற்றியதல்ல. உடைமையைப் பற்றியது. இதற்கொரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகர மின்கம்பெனி 1924 வரை ஒரு ஏற்பாட்டை நடத்தியது. லாரி வாங்குபவர் லாரியை மட்டும் வாங்குவார், பேட்டரி கம்பெனியுடையது. தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஓடிய தூரத்துக்குக் காசு. ஒரு நூற்றாண்டு கழித்து, 2024 செப்டம்பரில், எம்.ஜி. வின்ட்சர் மின்கார் இந்தியாவுக்கு வந்தபோது பேட்டரி நீங்கலாக 9.99 லட்சம் ரூபாய், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்று அறிவித்தார்கள். பேட்டரியையும் சேர்த்து வாங்க வழி உண்டு. ஆனால் விளம்பரத்தில் முன்னால் நின்றது வாடகைதான். அதுவும் புத்தம்புதிய சிந்தனையாக.

இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு கதை. கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் 1990இல் போட்ட புகையில்லா வண்டி விதியின் நெருக்கடியில் ஜெனரல் மோட்டார்ஸ் 1996 முதல் 1999 வரை இ.வி.1 என்ற மின்காரைத் தயாரித்தது. மொத்தம் 1,117 வண்டிகள். ஒன்றைக்கூட விற்கவில்லை. குத்தகைக்கு மட்டுமே விட்டது. கார் கம்பெனிகளின் எதிர்ப்பில் விதி தளர்ந்தது. 2003இல் கம்பெனி வண்டிகளைத் திரும்பப் பிடுங்கத் தொடங்கியது. ‘காசு தருகிறோம், எங்களுக்கே விற்றுவிடுங்கள்’ என்று ஓட்டியவர்கள் கெஞ்சினார்கள், போராடினார்கள். கம்பெனி மறுத்துவிட்டுப் பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டது. அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் கொடுத்த சிலவற்றிலும் பெரும்பாலும் ஓடாதபடி இயக்கத்தை முடக்கித்தான் கொடுத்தது.

மறுப்புக்குக் கம்பெனி சொன்ன காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: இனி உதிரிபாகம் கிடைக்காது, எங்களால் ரிப்பேருக்குப் பொறுப்பேற்க முடியாது. ரிப்பேரைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டவன், ரிப்பேர் செய்ய முடியாது என்பதையே காரணமாகக் காட்டி உடைமையை மறுக்கிறான். நாம் பேசும் விஷயம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

3

நம் நிலவுடைமை வரலாற்றில் மேல்வாரம், குடிவாரம் என்று இரண்டு சொற்கள் உண்டு. ஒரே நிலத்தின்மீது இரண்டு உரிமைகள். உழுகிறவனுக்குக் குடிவாரம், மேலே உட்கார்ந்து விளைச்சலில் பங்கு வாங்குகிறவனுக்கு மேல்வாரம். உடைமை என்பது ஒற்றைப் பொருள் அல்ல, பல உரிமைகளின் கட்டு என்பதை நம் குடியானவர்கள் எந்தக் கோட்பாட்டு நூலையும் படிக்காமலே அறிந்திருந்தார்கள். மென்பொருள் ஏறிய வண்டியில் இந்தப் பழைய ஏற்பாடு திரும்ப வருகிறது. விற்ற பிறகும் கம்பெனி தன் மேல்வாரத்தை விட்டுக்கொடுப்பதில்லை. வாங்கியவருக்குக் கிடைப்பது குடிவாரம். அதிலும் உழுகிற உரிமை கிடையாது.

எடுத்துக்காட்டுகளுக்குப் பஞ்சமில்லை. 2017 செப்டம்பரில் ஃபுளோரிடாவை இர்மா புயல் நெருங்கியபோது, தப்பியோடும் மக்களுக்கு உதவ டெஸ்லா தன் சில கார்களின் ஓடும் தூரத்தைத் தொலைவிலிருந்தபடியே தற்காலிகமாகக் கூட்டிக் கொடுத்தது. கருணை என்று பாராட்டினார்கள். கருணை என்ற திரையை விலக்கிப் பார்த்தால் தெரிவது வேறு. அந்தக் கார்களில் பெரிய பேட்டரிதான் முதலிலிருந்தே இருந்தது. குறைந்த விலைக்கு வாங்கியதால் ஒரு பகுதியை மென்பொருள் பூட்டி வைத்திருந்தது. உரிமையாளர் தன் காரில் தூக்கிக்கொண்டு திரிந்த பேட்டரியை, உயிருக்கு ஆபத்து வந்தபோது சில நாட்கள் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டார். 2013இல் வந்த ரெனோ ஸோயியின் பேட்டரிக் குத்தகை ஒப்பந்தத்தில், வாடகை கட்டாவிட்டால் சார்ஜ் ஏறாமல் தொலைவிலிருந்தே நிறுத்தும் உரிமையைக் கம்பெனி வைத்துக்கொண்டது. 2022இல் பி.எம்.டபிள்யூ, காருக்குள் ஏற்கெனவே பொருத்தியிருந்த இருக்கைச் சூடேற்றிக்குச் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது. எதிர்ப்பு வந்ததும் 2023இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. கைவிட வைக்க முடிந்தது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்வோம்.

பண்டம் கைமாறியதும் விற்றவனுக்கும் அதற்குமான உறவு முடிந்துவிடும் என்பது முதலாளியம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை. நிலப்பிரபுத்துவத்தின் தளைகளிலிருந்து நம்மை விடுவித்ததாக அது பெருமைப்பட்டதே இந்தக் கதையை வைத்துத்தான். இப்போது அந்தக் கதையை அதுவே கிழித்துப் போடுகிறது. பண்டம் விற்றுத் தீர்வதில்லை. வாரம் வசூலாகிக்கொண்டே இருக்கிறது.

4

மின்கருவிகளின் முதுகில் ஒரு வாசகம் ஒட்டியிருக்கும்: பயன்படுத்துபவர் பழுதுபார்க்கக்கூடிய பாகம் எதுவும் உள்ளே இல்லை. இதை ஒரு பிரதியாக வாசிப்போம். ‘திறக்காதே’ என்று அது சொல்லவில்லை. ‘உள்ளே உனக்கு எதுவும் இல்லை’ என்கிறது. தடை, தகவலின் வேஷம் போட்டு வருகிறது. கூடவே ஒரு மனிதவகையும் கட்டமைக்கப்படுகிறது: ‘பயன்படுத்துபவர்’. இவருக்குக் கை கிடையாது, விரல் மட்டும் உண்டு. திரையைத் தொடலாம். இவருக்கு எதிரே ‘அங்கீகரிக்கப்பட்ட’ சர்வீஸ்காரர். இந்த இருவருக்கும் நடுவே தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இந்த வாசகத்தில் இடமே இல்லை. அவர் பயன்படுத்துபவரும் அல்ல, அங்கீகரிக்கப்பட்டவரும் அல்ல. மொழியிலிருந்தே வெளியேற்றப்பட்டவர்.

அறிவையும் அதிகாரத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று ஃபூக்கோவை வைத்து நாம் நிறையப் பேசியிருக்கிறோம். மருத்துவமனை, சிறைச்சாலை, பள்ளிக்கூடம் என்று பேசிய நாம் ஒர்க்‌ஷாப் பக்கம் போகவில்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் கடைகளிலும், ஒவ்வோர் ஊரின் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும், பள்ளிப்படிப்பு பாதியில் நின்றவர்களும் தலித், முஸ்லிம் குடும்பப் பிள்ளைகளும் பல பத்தாண்டுகளாக ஓர் அறிவை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். அதற்குச் சான்றிதழ் இல்லை, பாடநூல் இல்லை. கையிலிருந்து கைக்குப் போனது. ஒரு வண்டியின் பாகத்தை இன்னொரு வண்டிக்கு இழைத்துப் பொருத்துவது, கம்பெனி கைவிட்ட மாடலை இருபது வருஷம் ஓட வைப்பது எல்லாம் இந்த அறிவின் வேலை. கையால் செய்யும் வேலையை இழிவென்றும் ஏட்டறிவை உயர்வென்றும் பிரித்த சமூகம் இதை அறிவு என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ‘ஒட்டுவேலை’ என்றது. இப்போது அதே சொல்லைக் கம்பெனி ‘பாதுகாப்பின்மை’ என்று மொழிபெயர்க்கிறது.

இதற்கு ஆவணச் சாட்சியும் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்து சந்தையைப் பூட்டினார்கள் என்பது குற்றம். கம்பெனிகளின் வாதங்களில் இரண்டு: அறிவுச் சொத்துரிமை, பயிற்சியில்லாத ஆட்களின் கையில் பாதுகாப்பு என்ன ஆவது? ஆணையம் இவற்றை ஏற்கவில்லை. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2020இல் இதே விஷயம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. கம்பியில்லாமல் கம்பெனிக்குப் போகும் வண்டித் தகவல் வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும் என்பது கோரிக்கை. தகவல் வெளியே போனால் பெண்களைப் பின்தொடரும் கயவர்கள் கையில் சிக்கும் என்று கம்பெனிகளின் தரப்பு பயங்காட்டி விளம்பரம் செய்தது. அந்தத் தகவலெல்லாம் ஏற்கெனவே கம்பெனியின் கையில் இருப்பது யாருக்கும் பயமாகத் தெரியக்கூடாதாம். நான்கில் மூன்று பங்கு மக்கள் மெக்கானிக் பக்கம் வாக்களித்தார்கள். கம்பெனிகள் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் இழுத்தன.

5

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடலாம்: ‘நீங்க தெரு மெக்கானிக்கைக் கொண்டாடுறீங்க. 400 வோல்ட் பேட்டரியில் கை வைத்தால் ஆள் காலி. ஸ்கூட்டர் பேட்டரி பற்றி எரிந்து வீட்டுக்குள்ளேயே ஜனங்கள் செத்துப்போனது மறந்துபோச்சா?’ மறக்கவில்லை. 2022இல் அப்படிப் பல விபத்துகள் நடந்தன, வேலூரிலும் நடந்தது. ஆனால் அவை பெரும்பாலும் பட்டறைக்காரன் திறந்ததால் எரிந்தவையா, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தவையா? அந்த ஆண்டு பல கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ஸ்கூட்டர்களைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. ஆபத்து உண்மை. ஆபத்தானது என்பதால் அறிவைப் பூட்ட வேண்டுமா, பரப்ப வேண்டுமா என்பதுதான் கேள்வி. உயர் அழுத்தக் கம்பத்தில் ஏறுகிற மின்வாரிய ஊழியருக்குப் பயிற்சியும் கையுறையும் கொடு என்று கேட்கிறோமே தவிர, கம்பத்தை மூடி வை என்று கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பழைய பட்டறை சொர்க்கம் அல்ல. பத்து வயதுப் பையனை வேலைக்கு வைத்து, திட்டியும் அடித்தும் தொழில் கற்றுக்கொடுத்த இடம் அது. பெண்களுக்குக் கதவே திறக்கவில்லை. கிரீசும் ஆயிலும் ஊறிய தோலுக்கும், ஆஸ்பெஸ்டாஸ் பிரேக் தூசு போன நுரையீரலுக்கும் எந்த முதலாளியும் காப்பீடு கட்டியதில்லை. பழைய பாகத்தைப் புதுசு என்று தலையில் கட்டியவர்களும் உண்டு. பெட்ரோல் வாசனைக்காக ஏங்குகிற கவிதை நமக்கு வேண்டாம். பட்டறை அப்படியே பிழைத்திருக்க வேண்டும் என்பதல்ல கோரிக்கை. அதிலிருந்த ‘திறக்கும் உரிமை’ அடுத்த வண்டிக்கும் கடத்தப்பட வேண்டும் என்பதுதான்.

பூட்டு இருந்தால் பாதுகாப்பாவது கிடைக்கிறதா? 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை ஓராண்டில் ஓலா எலெக்ட்ரிக் குறித்துத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த புகார்கள் 10,644. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99 விழுக்காட்டுக்கு மேல் தீர்த்துவிட்டோம் என்றது கம்பெனி. இருக்கட்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிரம்மாண்டமான ஆலையைக் கட்டிய கம்பெனிக்கு, அங்கே செய்த வண்டியைச் சரிபார்க்க ஊர் ஊராகக் கை வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியாதா? கைகள் இருந்தன, தெருவில். அவற்றிடம் பாகமும் இல்லை, மென்பொருளும் இல்லை, கையேடும் இல்லை.

பட்டறையைக் கம்பெனி விழுங்கினால் மெக்கானிக்குக்கு நிரந்தர வேலையாவது கிடைக்குமே என்று சிலர் நினைக்கலாம். சுவீடனைப் பாருங்கள். அங்கே டெஸ்லா கார்களைப் பழுதுபார்க்கும் கம்பெனிப் பட்டறைகளில் இஃப் மெட்டால் சங்கம் 2023 அக்டோபர் 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பளத்தையும் வேலை நிலைமைகளையும் சங்கத்தோடு பேசி ஒப்பந்தம் போடு என்பதுதான் கோரிக்கை. சுவீடனில் அது சாதாரண வழக்கம். துறைமுகத் தொழிலாளர்கள் டெஸ்லாவை இறக்க மறுத்தார்கள், தபால் ஊழியர்கள் நம்பர் பிளேட்டைக் கொண்டுசெல்ல மறுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் ஓடிய பிறகும் கம்பெனி கையெழுத்துப் போடவில்லை. வலுவான சங்கம் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி. ரிப்பேரின் ஏகபோகமும் உழைப்பின்மீதான ஏகபோகமும் ஒரே பூட்டின் இரண்டு சாவிகள்.

6

சரி, என்னதான் செய்யலாம்?

2024 ஜூனில் ஃபிஸ்கர் என்ற அமெரிக்க மின்கார் கம்பெனி திவாலானது. அதன் ‘ஓஷன்’ கார்களை வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். மென்பொருளைப் புதுப்பிக்க ஆளில்லை, பாகத்துக்கு வழியில்லை. அவர்கள் ஒரு சங்கம் அமைத்து, பாகங்களைத் திரட்டி, மென்பொருளுக்கு வழி தேடி, வண்டிகளை ஓட வைக்கும் வேலையில் இறங்கினார்கள். வசதியுள்ளவர்கள், விலையுயர்ந்த கார் வாங்கியவர்கள். இருந்தாலும் கம்பெனி செத்ததும் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் எது? கூட்டு அறிவு, பழைய பாகம், ஒருவருக்கொருவர் கைமாற்று. அதாவது புதுப்பேட்டை.

சட்டம் எங்குமே நகரவில்லை என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குவிதி, மின் சைக்கிள், மின் ஸ்கூட்டர் போன்ற இலகு வண்டிகளின் பேட்டரியை, அதன் தனித்தனி செல்களை உட்பட, வெளி மெக்கானிக் கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்கிறது. 2027 பிப்ரவரி முதல் அமல். முழுப் பேட்டரியையும் தூக்கியெறிவதா, கெட்டுப்போன சில செல்களை மட்டும் மாற்றுவதா என்பது ஒரு குடும்பத்தின் சேமிப்பையே தீர்மானிக்கிற வித்தியாசம். இந்தியாவில் 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளம் திறந்தது. வாகனமும் அதில் ஒரு துறை. ஆனால் கம்பெனி தானாக முன்வந்து தகவல் தர வேண்டும் என்ற அளவில்தான் விஷயம் நிற்கிறது. பூட்டுப் போட்டவனிடமே சாவியைத் தானமாகக் கேட்பது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் ஏதோ ஓரத்தில் நிற்கும் நிலம் அல்ல. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஸ்கூட்டர். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறக்கப்பட்டது. தன் சொந்த நாடான வியட்நாமில் காரை விற்று பேட்டரியை வாடகைக்கு விட்டு, 2025இல் அந்த வாடகை முறையை நிறுத்திக்கொண்ட கம்பெனி அது. நிலம், மின்சாரம், தண்ணீர், வரிச்சலுகை எல்லாம் கொடுத்து இவர்களை வரவேற்கும் அரசு பதிலுக்கு வேலைவாய்ப்பு எண்ணிக்கையை மட்டும் கேட்கிறது. இன்னும் சிலவற்றைக் கேட்கலாம். இங்கே தயாராகும் ஒவ்வொரு வண்டிக்கும் சர்வீஸ் கையேடு பொதுவில், தமிழிலும், கிடைக்க வேண்டும். பழுதறியும் மென்பொருள் எந்தப் பட்டறைக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். மாற்றிய பாகத்தைக் கம்பெனி ‘அடையாளம் காண’ மறுத்து வண்டியை முடக்கக்கூடாது. ஐ.டி.ஐ.களில் உயர் அழுத்த பேட்டரிப் பயிற்சியை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்காமல், ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கு மாலை நேரத்தில் நடத்த வேண்டும். கம்பெனி மூடினால் மென்பொருள் பொதுச்சொத்தாக வேண்டும்.

இவற்றை முன்வைக்க வேண்டியவர்கள் யார்? ஆட்டோ சங்கங்கள் பர்மிட்டுக்கும் மீட்டருக்கும் போராடுகின்றன. ஆலைச் சங்கங்கள் ஆலைக்குள் போராடுகின்றன. சூழலியல் நண்பர்கள் புகைக்கும் சுரங்கத்துக்கும் எதிராகப் போராடுகிறார்கள். மெக்கானிக் இந்த மூவரின் பட்டியலிலும் இல்லை. வண்டி நீண்டநாள் ஓடினால் சுரங்கம் குறையும், ஓட்டுநரின் கடன் குறையும், ஊருக்குள் வேலை இருக்கும். மூன்று போராட்டமும் சந்திக்கிற புள்ளி பட்டறைதான்.

எழுதுகிற நண்பர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கார்புரேட்டரையும் கிளட்ச் பிளேட்டையும் நம் மெக்கானிக்குகள் தங்கள் நாக்குக்கு ஏற்ற சொற்களாக்கிக் கொண்டார்கள். ‘இழுக்க மாட்டேங்குது’, ‘அடைக்குது’, ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்று வண்டியின் நோய்களுக்கு ஒரு மொழியையே உண்டாக்கினார்கள். அகராதிக்காரர்கள் யாரும் உதவவில்லை. மின்வண்டிக்கு அப்படி ஒரு மொழி இன்னும் முழுதாக உருவாகவில்லை. திறக்க விட்டால்தானே பெயர் வைக்க முடியும்? பட்டறைகளுக்குப் போய் உட்கார்ந்து, அங்கே இப்போது உருவாகிவரும் சொற்களைக் கேட்டு எழுதத் தொடங்குவோம். கையேடு கேட்டு மனுப் போடும்போது, ‘உங்கள் ஆட்களுக்குப் புரியாது’ என்று கம்பெனி சொல்லும். அப்போது மேசைமீது வைக்க அந்தச் சொற்கள் வேண்டும்.